கரே-கரே வீட்டில் சரியாக வர: மாட்டு வால், வேர்க்கடலை, கூனி விழுது

கேள்வி இதுதான்: பிலிப்பைன்ஸின் மாட்டு வால், வேர்க்கடலைக் குழம்பான கரே-கரேவை வீட்டில் செய்தால் குழம்பு சப்பென்று இருக்கிறது. உப்பும் மசாலாவும் கூட்டினால் கடலைச் சட்னியில் கறியைப் போட்டது மாதிரி ஆகிவிடுகிறது. வால் கறி ரப்பராக இருக்கிறது, அடியும் பிடிக்கிறது. எங்கே தப்பு?

முதல் தப்பு, சப்பென்று இருப்பதைக் குறை என்று நினைத்ததுதான். கரே-கரே பானைக்குள்ளேயே முடிந்துவிடுகிற குழம்பு அல்ல. பானையில் இருக்க வேண்டியது கொழுமை மட்டும்: வாலிலிருந்து இறங்கும் பசை, கடலையின் எண்ணெய், வறுத்த அரிசி தரும் கெட்டி. உப்பு, புளித்த வாடை, காரம், கொஞ்சம் இனிப்பு ஆகிய நான்கும் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் வரும் பகூங் அலமாங் என்ற இறால் விழுதில் இருக்கின்றன. ஊறுகாயை நம்பித் தயிர்சாதத்தில் உப்பைக் குறைத்துப் போடுவோமே, அதே கணக்கு. பானையில் சரியாக உப்புப் போட்டுவிட்டால் விழுதைத் தொட்டதும் வாயில் வைக்க முடியாது. விழுதை விட்டுவிட்டால் குழம்பு வெறும் கடலைக் கஞ்சி. ஆகவே இரண்டையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

ஆறு பேருக்கான அளவு: மாட்டு வால் 1.2 கிலோ, மாட்டு வயிறு 400 கிராம், தோலோடு பச்சை வேர்க்கடலை 200 கிராம், அரிசி 50 கிராம், நிறத்துக்கு அச்சுவெட்டே (அன்னாட்டோ) விதை 2 மேசைக்கரண்டி, எண்ணெய் 60 மில்லி, பூண்டு 6 பல், வெங்காயம் 2, மீன் சாறான பாத்திஸ் 1 மேசைக்கரண்டி. காய்களில் சிறிய வாழைப்பூ ஒன்று, காராமணிக்காய் ஒரு பிடி, நீளக் கத்தரிக்காய் 2, பெச்சாய் என்ற கீரை ஒரு கட்டு (பாக்சோய் கிடைத்தாலும் போதும்). விழுதுக்குத் தேவையானதைப் பின்னால் சொல்கிறேன்.

வாலை வாங்கும்போதே பாதி வேலை முடிந்துவிடும், அல்லது கெட்டுவிடும். எலும்பை ரம்பத்தால் குறுக்கே அறுக்காமல், கணுவில் கத்தி இறக்கி 4–5 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டித் தரச் சொல்லுங்கள். கண்டபடி வெட்டினால் எலும்புச் சில்லுகள் குழம்பில் வரும். வாலின் அடிப்பக்கத் துண்டுகளில் கறி அதிகம், நுனித் துண்டுகளில் பசை அதிகம். இரண்டும் கலந்து இருக்க வேண்டும். வால் கிடைக்காத இடத்தில் மாட்டுக்கால் அல்லது தோலோடு பன்றிக் கணுக்கால் எடுக்கலாம். பிலிப்பைன்ஸ் வீடுகளிலேயே அப்படிச் செய்கிறார்கள். எலும்பில்லாத வெறும் கறி மட்டும் வேண்டாம். தண்ணீரில் பசை இறங்காது, குழம்பு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் உதட்டில் ஒட்டாது.

வயிற்றுக்கு அங்கே துவால்யா என்று பெயர். உடம்பு துடைக்கும் துண்டு என்று பொருள். சொரசொரப்பைப் பார்த்து வைத்த பெயர். ஸ்பானியச் சொல்லிலிருந்து பிலிப்பைன்ஸ் மொழியான தகாலோகுக்குப் போனது அது. போர்த்துகீசியம் வழியாகத் தமிழுக்கு வந்த துவாலையும் அதே குடும்பத்துச் சொல்தான். இதைக் கல்லுப்பும் வினிகரும் போட்டு அழுத்தித் தேய்த்து, நாற்றம் போகும்வரை மூன்று நான்கு தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள். பிறகு இஞ்சித் துண்டுகள் போட்ட தண்ணீரில் தனியாகப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் நேரே வாலோடு போட்டால் அந்த வாடை குழம்பு முழுக்க ஏறிவிடும். மசாலா இல்லாத குழம்பு என்பதால் மறைக்கவும் வழியில்லை.

வாலுக்கும் முதல் கொதி கொட்டுகிற கொதிதான். குளிர்ந்த தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, புதுத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, சாம்பல் நிற நுரை கிளம்பியதும் இன்னும் ஐந்து நிமிடம் விட்டு, வடித்துக் கழுவுங்கள். இப்போது மூன்று லிட்டர் புதுத் தண்ணீர், இரண்டாக வெட்டிய ஒரு வெங்காயம், பத்து மிளகு, வேண்டுமானால் ஒரு பிரிஞ்சி இலை. உப்பு வேண்டாம்.

ரப்பர் போல் இருப்பதற்குக் காரணம் ஒன்றுதான்: நேரம் போதவில்லை. வாலில் இணைப்புத் திசு நிறைய. அது கரைந்து பசையாக மாற மெதுவான சூடும் நீண்ட நேரமும் வேண்டும். திறந்த பாத்திரத்தில் மூன்று முதல் மூன்றரை மணி நேரம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் வந்தால் போதும். ஓங்கிக் கொதித்தால் கறி நார்நாராகும், சாறும் கொழுப்போடு கலங்கிப் பால் போலாகும். ஒன்றரை மணி நேரத்தில் குத்திப் பார்த்து ‘வெந்த மாதிரி இருக்கிறது’ என்று அணைப்பதுதான் பலர் செய்யும் தவறு. கறி எலும்பிலிருந்து லேசாக விலகி, ஆனால் உதிராமல் இருப்பதே பதம். வயிறு இரண்டு மணி நேரத்திலேயே பதமாகலாம். பதமானதும் அதை மட்டும் முன்னதாக எடுத்து வைத்துவிடுங்கள்.

குக்கர் என்றால் தண்ணீர் ஒன்றரை லிட்டர் போதும். விசில் கணக்கு இங்கே உதவாது, அடுப்பின் தீயைப் பொறுத்து அது மாறும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து வாலுக்கு 45 நிமிடம், அழுத்தம் தானாக இறங்கும்வரை காத்திருங்கள். வயிற்றைத் தனியாக 30 நிமிடம் வைத்துப் பாருங்கள். முன்பே வேகவைத்து விற்கும் வயிறானால் அதிலும் பாதி நேரம்.

முடிந்தால் இந்த வேலையை முதல் நாளே முடித்துவிடுங்கள். சாறு ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்தால் மறுநாள் கொழுப்பு வெள்ளைத் தகடாக மேலே உறைந்திருக்கும். வழித்தெடுத்து இரண்டு கரண்டியளவு மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைத் தள்ளிவிடலாம். கடலை எண்ணெயும் மாட்டுக் கொழுப்பும் சேர்ந்தால்தான் குழம்பு நாக்கில் மெழுகு போல் படிகிறது. கொழுப்பின் அடியில் சாறு அல்வாத் துண்டு போல் ஆடினால் பசை நன்றாக இறங்கியிருக்கிறது என்று அறியலாம். ஆடாவிட்டால் சாறை மட்டும் இன்னும் கொஞ்சம் வற்றவிடுங்கள். கடைசியில் கையில் இருக்க வேண்டியது சுமார் 1.25 லிட்டர் சாறு. மேற்கொண்டு இருந்தால் கொட்ட வேண்டாம், குழம்பைத் தளர்த்தத் தேவைப்படும்.

இனிக் கடலை. தோலோடு சிறு தீயில் 12–15 நிமிடம் வறுக்க வேண்டும். வெளித்தோல் கருகி உள்ளே பச்சையாக இருந்தால் குழம்பில் பச்சை வாடை வரும், அதை எத்தனை கொதி விட்டாலும் போக்க முடியாது. ஒன்றை இரண்டாக உடைத்துப் பாருங்கள். உட்பக்கம் வெளிர் பொன்னிறமாக இருக்க வேண்டும். ஆறவிட்டுத் தேய்த்துத் தோலை முழுக்கப் புடைத்து எடுங்கள், தோல்தான் கசப்பு. மூன்றில் இரண்டு பங்கை எண்ணெய் கசியும்வரை மையாக அரைத்து, மிச்சத்தைக் கொரகொரப்பாகப் பொடியுங்கள். மை அரைப்பு குழம்பை ஒன்றாகப் பிணைக்கும். கொரகொரப்பு கடிக்கும்போது கடலை இருப்பதைக் காட்டும்.

கடையில் கிடைக்கும் கடலை வெண்ணெயை இப்போது பிலிப்பைன்ஸிலேயே பெரும்பாலோர் பயன்படுத்துகிறார்கள், அதில் பாவமில்லை. ஆனால் பல வகைகளில் சர்க்கரை சேர்ந்திருக்கும். இனிப்பில்லாததாகப் பார்த்து 180 கிராம் போடுங்கள். இனிப்புள்ளதுதான் கிடைத்தது என்றால் 120 கிராமோடு நிறுத்தி, மிச்சத்துக்கு வறுத்துப் பொடித்த கடலையைச் சேர்த்து, விழுதில் போடும் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். ‘கடலைச் சட்னி மாதிரி’ என்ற உங்கள் புகாருக்குப் பாதிக் காரணம் கடலையின் அளவாகத்தான் இருக்கும். கெட்டி வரவில்லையே என்று கடலையை அள்ளிப் போட்டுக்கொண்டே போனால் கறியின் சாறு காணாமல் போய்விடும். கெட்டி தர வேண்டியது அரிசி. கடலையின் வேலை மணமும் கொழுமையும்.

அரிசியை வெறும் வாணலியில் நடுத்தீயில் எட்டுப் பத்து நிமிடம், வெளிர் பழுப்பு நிறம் வரும்வரை வறுத்து, ஆறியபின் மிக்சியில் நைசாக அரைத்துச் சலியுங்கள். சலிக்காவிட்டால் குழம்பில் மணல் கடிப்பது போல் இருக்கும். வறுக்க வறுக்க மணம் கூடும், ஆனால் மாவுச்சத்து உடைந்து கெட்டியாக்கும் சக்தி குறையும். கரும்பழுப்பானால் கசப்பும் சேர்ந்துகொள்ளும். மாலக்கித் என்ற ஒட்டரிசி கிடைத்தால் அதுதான் சிறப்பு. குழம்பு வழவழப்பாக வரும், ஆறினாலும் களி போல் இறுகாது. சாதாரண அரிசியிலும் நன்றாகவே வரும், சூடாகப் பரிமாறினால் போதும்.

நிறம் அச்சுவெட்டேயிலிருந்து. அன்னாட்டோ என்று பிற நாடுகளில் சொல்லும் செங்கல் நிற விதை. நிறம் எண்ணெயில்தான் நன்றாக இறங்கும். 60 மில்லி எண்ணெயை இளஞ்சூடாக்கி, விதையைப் போட்டு மிகச் சிறு தீயில் மூன்று நிமிடம், எண்ணெய் ஆழ்ந்த ஆரஞ்சானதும் வடிகட்டுங்கள். விதை கறுத்தால் எண்ணெய் கசந்துவிட்டது, கொட்டிவிட்டுப் புதிதாகச் செய்வதே மலிவு. விதை கிடைக்காவிட்டால் காரமில்லாத சிவப்பு மிளகாய்த் தூள் ஒரு தேக்கரண்டியை எண்ணெயில் லேசாகச் சூடாக்கி வடிகட்டலாம். மஞ்சள்தூள் மட்டும் வேண்டாம். நிறம் தவறாக வரும் என்பதைவிட, அதன் வாடை இந்தக் குழம்பில் அந்நியமாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

பெயரைப் பார்த்து இது நம்ம கறிதானே, மசாலா போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். 1762இல் மதராசிலிருந்து கப்பலேறிய பிரிட்டிஷ் படை அக்டோபரில் மணிலாவைப் பிடித்து 1764 வரை வைத்திருந்தது. அதில் போன சிப்பாய்கள் சிலர் திரும்பாமல் மணிலாவுக்குக் கிழக்கே உள்ள கைந்தாவில் தங்கிவிட்டார்கள். கையில் கிடைத்ததை வைத்து அவர்கள் சமைத்த கறியே கரே-கரே என்பது அந்தக் கதை. படையெடுப்பும் கைந்தாவில் சிப்பாய்கள் குடியேறியதும் வரலாறு. குழம்பு அவர்களுடையதுதான் என்பது வாய்வழிப் பேச்சு. சமையலுக்குப் பேர்போன பம்பங்கா மாகாணத்தார் இது எங்களுடையது என்பார்கள். பானையைத் திறந்து பார்த்தால் கொத்தமல்லியோ சீரகமோ மஞ்சளோ இல்லை. இருக்கும் கடலையும் அச்சுவெட்டேயும் அமெரிக்கக் கண்டத்துச் செடிகள். 1565 முதல் 1815 வரை அகாபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள்தான் அந்தக் கண்டத்துப் பயிர்கள் பலவற்றை இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்தன. கரம் மசாலா போட்டால் நல்ல குழம்பு ஒன்று கிடைக்கலாம், அது வேறு குழம்பு.

சேர்க்கும் முறை: அடிகனமான பாத்திரத்தில் அச்சுவெட்டே எண்ணெய் மூன்று மேசைக்கரண்டி, நசுக்கிய பூண்டு, நறுக்கிய ஒரு வெங்காயம். வெங்காயம் கண்ணாடியானதும் வெந்த வாலும் வயிறும் போட்டு, பாத்திஸ் ஊற்றி இரண்டு நிமிடம் புரட்டுங்கள். கறிக்குள் கொஞ்சம் உப்பு இறங்க அது போதும், பானைக்கு வேறு உப்பில்லை. பிறகு சாறில் ஒரு லிட்டர். கடலை விழுதைக் கொஞ்சம் சூடான சாறில் தனியாகக் கரைத்து ஊற்றிச் சிறு தீயில் பத்து நிமிடம். அரிசி மாவை குளிர்ந்த தண்ணீர் 150 மில்லியில் கரைத்து, கிளறிக்கொண்டே மெல்லிய தாரையாக விடுங்கள். சூடான சாறில் மாவை நேரே தூவினால் வெளிப்புறம் வெந்து உள்ளே மாவாக உருண்டை கட்டும். மாவு போன பிறகு எட்டு முதல் பத்து நிமிடம், கரண்டியை அடியில் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அடி பிடிப்பது இந்தப் பத்து நிமிடத்தில்தான். மாவும் கடலையும் அடியில் படியும், கெட்டியான குழம்பு தானாகப் புரளாது. லேசாகப் பிடித்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலே இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் தப்பிக்கலாம். சுரண்டினால் கருகல் வாடை எல்லாவற்றிலும் ஏறும்.

பதம்: கரண்டியின் பின்புறத்தில் பூசி, விரலால் கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். தட்டில் ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் ஒரு படி தளர்வாகவே இறக்குங்கள். மேலே ஆரஞ்சு எண்ணெய் கொஞ்சம் மிதப்பது அழகு. எண்ணெய் தனி, திப்பி தனி என்று பிரிந்துவிட்டால் அதிகம் கொதித்துவிட்டது. கால் கப் சூடான சாறு விட்டு வேகமாக அடித்துக் கலந்தால் பெரும்பாலும் கூடிவிடும். உப்பு கூடிவிட்டது என்றால் உப்பில்லாத சாறும் ஒரு கரண்டி கரைத்த அரிசி மாவும் தவிர வேறு வைத்தியம் இல்லை.

காய்களைக் குழம்பில் போட்டு வேகவைக்காதீர்கள். அவை தண்ணீர் விட்டுக் குழம்பை நீர்க்கச் செய்யும். கத்தரிக்காயும் வாழைப்பூவும் நிறத்தையும் கறுக்கடிக்கும். எடுத்து வைத்த சாறிலோ உப்புத் தண்ணீரிலோ தனித்தனியே: காராமணி 5 சென்டிமீட்டர் துண்டாக 3 நிமிடம், பெச்சாய் அரை நிமிடம். கத்தரிக்காயைச் சாய்வாக வெட்டி எண்ணெயில் இருபுறமும் பொரித்தெடுப்பது மேல். வாழைப்பூவை நாம் ஆய்வது போல் பூப்பூவாக ஆய வேண்டியதில்லை. சிவப்பு மடல்களை உரித்துத் தள்ளி, வெளிர்மஞ்சள் குருத்து வந்ததும் அதை நீளவாட்டில் நான்காகவோ ஆறாகவோ கீறி, வினிகர் கலந்த தண்ணீரில் போட்டு, பிறகு ஆறேழு நிமிடம் வேகவைக்க வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், துவர்ப்பு அதில்தான் இருக்கும்.

விழுதுக்கு வருவோம். அலமாங் என்பது தமிழ்க் கடற்கரையில் கூனி என்கிற பொடி இறால் வகை. உப்பிட்டு நொதிக்கவைத்தால் பகூங். கடைகளில் இரண்டு விதம் இருக்கும்: பச்சையானது, ஏற்கெனவே வதக்கியது. போத்தலில் ‘கினிசா’ அல்லது ‘கிசாதோ’ என்று இருந்தால் வதக்கியது, அப்படியே பரிமாறலாம். பச்சையானதை வாங்கி வீட்டில் வதக்குவதே ருசி. 150 கிராம் விழுதைத் தொட்டு நாக்கில் வையுங்கள். சகிக்க முடியாத உப்பென்றால் சல்லடையில் ஒருமுறை அலசிப் பிழிந்துவிடலாம். பொடியாக நறுக்கிய பன்றிக் கொழுப்பு 100 கிராமை உருக்கி (அல்லது மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில்) பூண்டு 5 பல், சின்ன வெங்காயம் நான்கைந்து, தக்காளி ஒன்று வதக்கி, விழுதைப் போட்டுச் சிறு தீயில் 10–12 நிமிடம் கிளறுங்கள். இளஞ்சிவப்பு மாறிப் பழுப்பாகி எண்ணெய் பிரியும்போது வினிகர் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒன்றரை மேசைக்கரண்டி, இடித்த ஊசிமிளகாய் இரண்டு. சன்னலைத் திறந்து வைத்துக்கொள்வது அண்டை வீட்டாருக்கு நல்லது. மலேசியா, சிங்கப்பூரில் கிடைக்கும் பெலாச்சானை இதற்கு மாற்றாகப் பலர் எடுக்கிறார்கள். அது உலர்த்தி இடித்த கட்டி, வாடையும் கடுமை. வேறு வழியில்லை என்றால் 40 கிராம் கட்டியை வெந்நீரில் கரைத்து, தக்காளியை இரட்டிப்பாக்கிச் செய்யலாம்.

பரிமாறும்போது குழம்பின் மேல் காய்களை அடுக்கி, விழுதைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், பானையில் கலக்காதீர்கள். வெறும் வெள்ளைச் சோறு, கரண்டியில் கறி, அதன் நுனியில் அரைத் தேக்கரண்டிக்கும் குறைவாக விழுது. வேர்க்கடலையும் இறாலும் ஒவ்வாமை தரும் பொருள்கள் என்பதால் விருந்தாளிகளிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மிஞ்சினால்: அதோபோ என்ற பிலிப்பைன்ஸ் கறியில் வினிகரும் உப்பும் உண்டு, அது தாங்கும். இது உப்பில்லாத மாவுக் குழம்பு, சீக்கிரம் கெடும். இரண்டு மணி நேரத்துக்குள், காய்களைத் தனியே எடுத்துவிட்டு, அகலமான பாத்திரத்தில் ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் இருக்கும். மறுநாள் அது வெட்டி எடுக்கும் அளவுக்கு உறைந்திருக்கும், கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், பசைதான். எடுத்து வைத்த சாறோ தண்ணீரோ அரை கப் விட்டுச் சிறு தீயில் மூடி வைத்து, இளகியபின் கிளறுங்கள்.